இருபத்தைந்து வயதில் ஓய்வு!

ஓய்வு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஈஸி சேர், பேரக் குழந்தை, பென்ஷன். ஸ்ரீபெரும்புதூரில் 2014-ல் இருபதுகளில் இருந்த பையன்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ‘விருப்ப ஓய்வு’ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

நோக்கியா கதைதான். 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை. உச்சத்தில் சுமார் எட்டாயிரம் பேருக்கு நேரடி வேலை. 2013-ல் அரசுக்கும் கம்பெனிக்கும் வரித் தகராறு வந்தது. மறு வருடம் ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட், வழக்கில் சிக்கிய இந்த ஆலையை விட்டுவிட்டது. ஐயாயிரம் பேருக்கு மேல் விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். நவம்பர் 1-ல் ஆலை நின்றே போனது. தகராறு கம்பெனிக்கும் அரசுக்கும், தண்டனை தொழிலாளிக்கு!

‘பணம் கொடுத்துத்தானே அனுப்பினாங்க, அப்புறம் என்ன?’ என்று கேட்கிறீர்களா? அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இப்போதே பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம். அல்லது, என்ன ஆகும் என்று தெரியாமல் காத்திருக்கலாம். இதற்குப் பெயர் விருப்பமா? ஆனால், தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து. ‘நீயாத்தானே எழுதிக் கொடுத்தே?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கொஞ்ச நாளில் நீங்களே உங்களைக் கேட்க ஆரம்பிப்பீர்கள். தூக்கம் தொலைவது அங்கேதான். துரத்தப்பட்டவருக்குக் கோபப்பட ஒரு முதலாளியாவது உண்டு. ‘விரும்பி’ப் போனவர் யார் மேல் கோபப்படுவார்? தன் மேல்தான்.

ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூரில் நெசவாலை மூடப்பட்ட பிறகு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். 1933-ல் வெளியான ஆய்வு அது. நேரம் கொட்டிக் கிடந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. தெருவில் ஆண்களின் நடைகூடத் தளர்ந்திருந்தது. வேலையோடு சம்பளம் மட்டும் போவதில்லை. காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் போய்விடுகிறது.

நம் சட்டத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஒரு வருட வேலைக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடு என்றது 1947-ன் தொழில் தகராறு சட்டம். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதுத் தொகுப்போ, 300 பேருக்குக் குறைவான ஆலைகளை மூட அரசின் முன் அனுமதியே தேவையில்லை என்கிறது. முன்பு அந்த வரம்பு 100.

ஒரகடத்துக்கு ஆலையை அழைக்கும்போது நிலம், மின்சாரம், சலுகை என்று ஒப்பந்தம் போடுகிறோம். மூடுவதற்கும் அதில் ஷரத்து வேண்டும். ஆறு மாதம் முன்பே உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு வருடத்துக்கு மனநல ஆலோசனைச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். முக்கியமாக, ‘விருப்ப ஓய்வு’ என்று எழுதக் கூடாது. ஆள்குறைப்பு என்றே எழுதட்டும்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் வீட்டோடு முடங்கியிருக்கலாம். தயவுசெய்து, ‘நீயாத்தானே எழுதிக் கொடுத்தே?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.