மூலிகைக்கும் தரம் பார்த்து விலை வேண்டும்

கொல்லிமலை குண்டூர் நாட்டு விவசாயிக்குத் தரம் பார்த்து விற்பது புதிதல்ல. மிளகை ஈரம் பார்த்து வாங்குகிறார்கள். மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்தின் பாயிண்ட் பார்த்து விலை பேசுகிறார்கள். மூலிகை மூட்டைக்கு மட்டும் பெரும்பாலும் எடை ஒன்றுதான் கணக்கு. கல், மண் நீக்கிப் பக்குவமாய்க் காயவைத்தவருக்கும், கண்டதையும் சேர்த்துக் கட்டியவருக்கும் ஒரே விலை என்றால், பாடுபட்டவருக்கு என்ன லாபம்?

அதே மூட்டை மருந்துக் கம்பெனிக்குப் போனதும் கதை மாறுகிறது. ஹோமியோபதி மருந்தையே எடுத்துக்கொள்வோம். இந்திய ஹோமியோபதி மருந்துத் தர நூலின் முதல் தொகுதி 1971-இல் வெளிவந்தது. சோதனை முறைகளை வகுக்க 1975-இல் உத்தரப்பிரதேசத்திலுள்ள காஸியாபாத்தில் மத்திய அரசு ஆய்வுக்கூடம் அமைத்தது. செடி அசல்தானா, ஈரம் எவ்வளவு, எரித்தால் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு, சாராயத்தில் இறங்கும் சத்து எவ்வளவு என்றெல்லாம் பார்க்கிறார்கள். அமிலத்தில் கரையாத சாம்பல் மிகுந்தால் மூட்டையில் மணல் இருக்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனை வீண் கெடுபிடி அல்ல. அசோகப் பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டையைக் கலந்து விற்பது நெடுநாளைய மோசடி. வடநாட்டில் வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டையுமே ‘பிராமி’ என்கிறார்கள். பெயரை நம்பி வாங்கினால் செடி மாறிவிடும். நிலவேம்பின் கசப்புச் சத்தான ஆண்ட்ரோகிராஃபோலைடு, அறுக்கும் பருவத்துக்குத் தக்கபடி கூடும், குறையும். பூக்கத் தொடங்கும் தறுவாயில் அறுப்பதே நல்லது.

ரசாயனச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. ‘மதர் டிங்சர்’ எனும் தாய்த் திரவத்தில் செடியின் சத்தை அளக்கலாம். அதை நூற்றுக்கு ஒன்றாக 12 தடவைக்கு மேல் நீர்த்துவிட்டால் அளப்பதற்கு அனேகமாக ஒன்றும் மிஞ்சாது. அந்த மருந்து நோயைத் தீர்க்குமா என்பதில் விஞ்ஞானிகள் பலருக்கு ஐயமுண்டு. அது தனி விவாதம். விவசாயி அறிய வேண்டியது இதுதான்: தரத்தை உறுதிசெய்யும் இடம் தாய்த் திரவம், அதற்கும் முன்னால் அவரது களம். சரக்கு சித்த மருந்துக்குப் போனாலும் சோதனை ஏறக்குறைய இதேதான்.

விவசாயி தம் பங்கைச் செய்யலாம். செடியை இனம் அறிந்து பறிக்க வேண்டும். வேரை மண் போக அலசவேண்டும். இலையை நிழலில், தரையில் படாமல் பரண்மேல் உலர்த்த வேண்டும். மஞ்சு இறங்கும் மலையில் அரைகுறையாய்க் காய்ந்தது பூஞ்சணம் பிடிக்கும். வெவ்வேறு நாளில் அறுத்ததை ஒரே மூட்டையில் கலக்கக் கூடாது.

இவ்வளவும் செய்தபின் பலன் அவருக்கு வரவேண்டாமா? சோதனை முடிவு கம்பெனியின் கோப்போடு நின்றுவிடுகிறது. எதனால் கழித்தார்கள் என்பது மலைக்குத் திரும்பி வருவதில்லை. ஒற்றை மூட்டைக்குச் சோதனைச் செலவு கட்டாது என்பார்கள். உண்மைதான். ஆனால் பலருடைய சரக்கை இனம்வாரியாகச் சேர்த்து ஒரு மாதிரி எடுத்தால் செலவு பங்காகிவிடும். மலைவாழ் மக்களின் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கென்றே உள்ளவை போல இருக்கின்றன. ஈரமும் சாம்பலும் பார்க்க ஓர் அடுப்பு, ஓர் உலை, ஒரு துல்லியத் தராசு, பயிற்சி பெற்ற ஓர் இளைஞர் போதும். செடியை இனம் காட்ட, நீலகிரி எமரால்டில் மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் குழு நடத்தும் மூலிகை ஆராய்ச்சி மையத்தின் உதவியைக் கேட்கலாம்.

மட்டச் சரக்குக்கு விலை குறையுமே என்ற அச்சம் வேண்டாம். இன்று நல்ல சரக்கும் மட்டச் சரக்கின் விலைக்குத்தான் போகிறது. கிழங்குக்குப் பாயிண்ட் பார்க்கும் மாவட்டத்தில் மூலிகைக்கும் ஒரு பாயிண்ட் வர, அரசும் சங்கங்களும் ஆவன செய்தல் வேண்டும்.