கூழுக்கும் ஆசை

ஜூன் கடைசியில் சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் ஏறினால், ஜன்னலை மூடினாலும் மாம்பழ வாசனை உள்ளே வந்துவிடும். தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் கூழ்த் தொழிற்சாலைகளின் வாசலில் இரவும் பகலுமாக வரிசையில் நிற்கும். விலை விழுந்துபோன வருடங்களில் அதே பழம் சாலையோரத்தில் கொட்டப்பட்டுக் கிடக்கும். இந்த வழியில்தான் புத்தலப்பட்டு இருக்கிறது. என் அத்தையின் ஊர்.

மாம்பழக் கூழை அங்கே எல்லோரும் ‘பல்ப்’ என்றுதான் சொல்கிறார்கள். நான் புழங்கும் தொழிலிலும் அந்த வார்த்தை உண்டு. அமெரிக்காவில் மரக்கூழால் செய்த மட்டமான தாளில் அச்சான மலிவு விலைக் கதைகளுக்கு ‘பல்ப்’ என்று பெயர் வந்தது. பிறகு காதல் கதை, பேய்க் கதை, துப்பறியும் கதை என்று பேராசிரியர்கள் முகம் சுளிக்கும் எல்லாமே பல்ப் ஆனது. கூழ் என்பது வசைச்சொல்லாகிவிட்டது. கேழ்வரகுக் கூழ் குடித்து வளர்ந்த சீமையில் இது கொஞ்சம் வேடிக்கைதான்.

அத்தை ஒரு கூழ்ப் பிரியை. இரண்டு அர்த்தத்திலும்.

அவள் கதையைச் சொல்ல, ஊரின் கதையையும் சொல்ல வேண்டும். சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவானபோது, வட ஆற்காட்டிலிருந்து பெரும்பகுதி நிலம் வந்து சேர்ந்தது. 1960-ல் திருத்தணி பகுதி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சித்தூர் ஆந்திராவில் தங்கிவிட்டது. கோடு வரைபடத்தில் மாறியதே தவிர, வீடுகளுக்குள் மாறவில்லை. இன்றும் இந்தப் பக்கத்தில் சமையலறையில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிற குடும்பங்கள் நிறைய. ஆனால் பள்ளிக்கூடம் தெலுங்கு. அதனால் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அத்தை அந்த ரகம்.

கல்யாணமாகிப் புத்தலப்பட்டுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டில் வேலூர்க்கார டீச்சரம்மா ஒருத்தர் குடியிருந்தாராம். மத்தியான வேளையில் லட்சுமியின் நாவல்களை உரக்கப் படிப்பார். அத்தை முறுக்குப் பிழிந்துகொண்டே கேட்பாள். ஒரு நாவல் பாதியில் இருக்கும்போது டீச்சரம்மாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. புத்தகத்தை அத்தை கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கதாநாயகி திரும்பி வந்தாளா இல்லையா என்பது அந்த எழுத்துகளுக்குள் இருக்கிறது. அத்தைக்கு அதைத் திறக்கத் தெரியாது.

கடைசியில் வழி காட்டியது அம்புலிமாமா. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய பத்திரிகை அது. தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. இரண்டிலும் அதே படங்கள், அதே கதைகள். மாமாவின் தங்கை சந்தமாமா வாங்குவாள். வேலூர் போய்வருகிற யாரையாவது பிடித்து அத்தை அம்புலிமாமாவை வரவழைத்தாள். வேதாளம் முருங்கை மரத்தில் தொங்கும் பக்கத்தை இரண்டிலும் விரித்துவைத்து, தெரிந்த எழுத்தைக் கொண்டு தெரியாத எழுத்தைக் கண்டுபிடித்தாள். நாலைந்து மாதம் ஆயிற்றாம். பேய்க் கதை எழுத்தைக் கற்றுக்கொடுத்தது. காதல் கதை அதைக் கற்க வைத்தது. “அந்த லட்சுமி நாவலை முடிச்ச அன்னிக்கு ராத்திரி சோறு வடிக்க மறந்துட்டேன்மா. உங்க மாமா ஒண்ணும் சொல்லலை” என்பாள்.

அதன் பிறகு அத்தை நிற்கவில்லை. ரமணிசந்திரன் நாவல்கள் வரிசை வரிசையாக வந்தன. தெலுங்கில் யத்தனபூடி சுலோசனா ராணி இருக்கவே இருந்தார். கார், பங்களா, கோபக்காரக் கதாநாயகன், தன்மானமுள்ள ஏழைப் பெண் என்று ஆந்திரத்து மத்தியதர வீடுகளைக் கட்டிப்போட்டவர், 2018-ல் காலமானார். அவருடைய ‘செக்ரட்டரி’, ‘மீனா’ இரண்டும் சினிமாவாயின. ரமணிசந்திரனையும் யத்தனபூடியையும் அத்தை ஒப்பிடுவதைக் கேட்டால், ஒப்பிலக்கியத் துறைகள் சற்று வெட்கப்பட வேண்டியிருக்கும். “ரமணிசந்திரன் கதையில பொண்ணு அழுதா மாமியார் பார்த்துடுவா. சுலோசனா ராணி கதையில யாரும் பார்க்க மாட்டாங்க. அதான் வித்தியாசம்.”

நானோ, தமிழ் முதுகலை படித்தவள். விடுதி அறையில் சிலப்பதிகாரக் குறிப்பேட்டுக்கு அடியில் ரமணிசந்திரனை ஒளித்து வைத்தவள். ஒருநாள் வகுப்பில் அது வெளியே விழுந்துவிட, பேராசிரியர் ஒருவர் இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கிக் காட்டினார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன், புத்தகத்துக்காக அல்ல.

ஏனென்றால், அந்த வருடம் நாங்கள் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தது என்ன? புகார் நகரத்து நாற்சந்தியில் உட்கார்ந்துகொண்டு பொய்ச்சாட்சி சொல்கிறவர்களைப் பிடித்துத் தின்னும் சதுக்கப்பூதம். மணிமேகலையைத் தூக்கிக்கொண்டு ஆகாயத்தில் பறக்கும் தெய்வம். எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ நோய் பிடித்த காயசண்டிகை. சுடுகாட்டில் பேயைக் கண்டு பயந்தே செத்துப்போகும் சிறுவன் சார்ங்கலன். மேல்நாட்டில் நகரத்துக்குள் பூதமும் ரத்தக்காட்டேரியும் உலவும் கதைகளுக்கு இப்போது தனி அலமாரியே ஒதுக்குகிறார்கள். நமக்கு அது இந்திர விழா ஊரெடுத்த காதையிலேயே வந்துவிட்டது. அகத்திணையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காதலனுக்கும் காதலிக்கும் பெயர் சொல்லக் கூடாது என்று இலக்கணம் விதி வகுத்ததே, படிக்கிற யாரும் அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கட்டும் என்றுதானோ என்று எனக்குத் தோன்றும். ரமணிசந்திரனின் வாசகியும் அதைத்தான் செய்கிறாள்.

பிறகு மொழிபெயர்ப்புக்கு வந்தபோது, இந்தக் கூழைக் கிண்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது புரிந்தது. தெலுங்குக் காதல் கதையில் அவளும் அவனும் நூறு பக்கம் ‘மீரு’ என்று பேசிக்கொள்வார்கள். திடீரென்று ஒரு வரியில் ‘நுவ்வு’ வந்து விழும். காதல் அங்கேதான் நடக்கிறது. முத்தம் எல்லாம் அப்புறம். தமிழில் ‘நீங்கள்’, ‘நீ’ என்று நம்மிடமும் அந்தப் படிக்கட்டு இருக்கிறது. ஆனால் எந்த வரியில் இறங்குவது என்பதில் ஒரு வரி தப்பினாலும் கதாநாயகன் பொறுக்கியாகிவிடுவான். ஆங்கிலத்தில் இந்தப் படிக்கட்டே இல்லை. தெலுங்கிலிருந்து தமிழுக்குக் கௌரி கிருபானந்தன், சுசீலா கனகதுர்கா போன்றவர்கள் கொண்டுவந்த நாவல்களைப் படிக்கும்போது, மொழிபெயர்ப்பு என்ற நினைவே வராமல் போவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

பேய்க் கதையில் வேறு தொல்லை. தெலுங்கில் ‘சேதபடி’ என்பதற்குத் தமிழில் ‘செய்வினை’ சரியான சொல். ஆனால் தமிழ் படித்தவளுக்குச் செய்வினை என்றதும் செயப்பாட்டுவினை ஞாபகம் வரும். யோசித்தால் அதுவும் பொருத்தம்தான். செய்தவன் யார் என்று தெரியாமல், பட்டவர் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற வாக்கியம் அது.

இங்கேதான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போகிறது. 1980-களின் தொடக்கத்தில் எண்டமூரி வீரேந்திரநாத் ‘துளசி தளம்’ என்ற தொடரை ஆந்திரபூமி வார இதழில் எழுதினார். துளசி என்ற சின்னப் பெண்ணின் மேல் ஏவப்படும் சூனியத்தைப் பற்றிய கதை. ஆந்திரமே பயந்துகொண்டு படித்தது. பிறகு தமிழ்நாடும் படித்தது. அதே சமயம், எழுத்தாளர் ரங்கநாயகம்மா அந்த நாவலைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஏற்கெனவே மூடநம்பிக்கையில் கிடக்கும் ஜனங்களுக்கு இன்னும் பயத்தை ஊட்டலாமா என்பதுதான் வாதத்தின் சாரம்.

அதை ஒதுக்கித் தள்ள முடியாது. சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களை அடித்துக் கொல்வது இந்த நாட்டில் கதையல்ல. அதற்கென்றே ஒடிசா 2013-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. கதாநாயகன் கன்னத்தில் அறைந்த பிறகு கதாநாயகிக்குக் காதல் பிறக்கும் நாவல்களும் நம்மிடம் குறைவில்லை. சந்தோஷத்துக்காகப் படிக்கிறோம் என்பதாலேயே படிப்பதெல்லாம் சுத்தமாகிவிடாது. ரசாயனக் கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழமும் இனிக்கத்தான் செய்கிறது.

இந்தக் கேள்வியை அத்தையிடமே கேட்டேன். அவள் ஒரு சம்பவத்தைச் சொன்னாள். பல வருடங்களுக்கு முன்னால் தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. யாரோ செய்வினை என்றார்கள். எதிர்வீட்டுக் கிழவி ஒருத்தியின் பெயர் அடிபடத் தொடங்கியது. அத்தை அந்தக் குழந்தையையும் தாயையும் ஆட்டோவில் ஏற்றிச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டைபாய்டு.

“உங்களுக்குப் பயமா இல்லையா அத்தை? நீங்கதான் துளசி தளத்தைக் கண்ணை மூடாமப் படிச்சவங்களாச்சே?”

“ரெண்டு தடவை படிச்சேன்மா. அதனாலதான் பயமில்லை. அந்தக் கதையை யார் எழுதினாங்கன்னு அட்டையிலேயே போட்டிருக்கு. இந்தக் கதையை யார் எழுதினாங்க, எதுக்கு எழுதினாங்கன்னு யோசிச்சேன். அந்தக் கிழவிக்கு ரோட்டோரமா அரை ஏக்கர் மாந்தோப்பு இருந்தது.”

எல்லா வாசகர்களும் அத்தை மாதிரி யோசிப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ரங்கநாயகம்மாவின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. ஆனால் இந்தப் புத்தகங்களைப் படிப்பவர்கள், கொடுத்ததை அப்படியே விழுங்கும் அசடுகள் என்ற நினைப்பு மட்டும் தப்பு. அமெரிக்கப் பேராசிரியை ஜானிஸ் ராட்வே, ஒரு சிறிய ஊரில் காதல் நாவல் படிக்கும் பெண்களைச் சந்தித்துப் பேசி 1984-ல் ஒரு நூல் வெளியிட்டார். கதையில் என்ன இருக்கிறது என்பதைக் கேட்கப் போனவருக்கு, வேறொரு பதிலும் கிடைத்தது. புத்தகத்தைக் கையில் எடுக்கும் செயலே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது; கணவனும் குழந்தைகளும் குறுக்கே வராத கொஞ்ச நேரம் அது. புத்தலப்பட்டில் முறுக்குப் பிழிந்துகொண்டே கதை கேட்டவளுக்கு இதைச் சொல்லித்தர எந்தப் பேராசிரியையும் தேவைப்படவில்லை.

2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் நம் ஜனரஞ்சகக் கதைகளைத் திரட்டி, ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. ரமணிசந்திரனும் இந்திரா சௌந்தர்ராஜனும் அதில் இருந்தார்கள். ஆங்கிலத்தில் வந்த பிறகு, முகம் சுளித்த சிலர் அதைக் கலை என்றார்கள். ‘மர்ம தேசம்’ தொடரால் தொண்ணூறுகளில் வீடுகளின் விளக்கை அணைக்கவிடாமல் செய்த இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் காலமானபோது, பெரிய பெரிய எழுத்தாளர்களும் தாங்கள் அவரைப் படித்ததை ஒப்புக்கொண்டார்கள். மீசையை நீவிக்கொண்டே கூழ் குடித்தவர்கள்தான் எல்லோரும்.

போன முறை போயிருந்தபோது அத்தைக்குக் கண் புரை அறுவைசிகிச்சை முடிந்திருந்தது. பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். பதினோரு வயது. தமிழ் நன்றாகப் பேசுகிறாள். ஒரு எழுத்து தெரியாது. செல்போனில் இங்கிலீஷ் பேய்ப் படம் பார்க்கிறாள். எங்கள் குடும்பத்தில் தமிழ் எழுத்து அத்தையோடு நின்றுவிடும் என்று எனக்குள் ஒரு வருத்தம்.

மத்தியானம் அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பழைய மாத நாவல் ஒன்றை எடுத்து உரக்கப் படித்தாள். பாழடைந்த பங்களா, நள்ளிரவு, மாடிப்படியில் கொலுசுச் சத்தம். பேத்தி செல்போனைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டாள். கதவு மெல்லத் திறக்கிறது...

அத்தை புத்தகத்தை மூடினாள்.

“கண்ணு வலிக்குதுடி. மீதியை நீயே படிச்சுக்கோ.”

அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தப் பழைய அம்புலிமாமாவும் சந்தமாமாவும் இன்னும் இருக்கின்றன. அன்று சாயந்திரம் பேத்தி அவற்றைத் தேடி எடுத்ததை நான் பார்த்தேன். அத்தைக்குக் கண் வலிக்கவில்லை என்பதையும்.