சேறென இகழ்வதோ?

கற்பிட்டியைப் பற்றிப் பேசுவோர் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையைச் சொல்வர். கடலில் துள்ளும் டொல்பின்களைச் சொல்வர். புத்தளக் களப்போரத்துக் கண்டற் சேற்றை மட்டும் பயனற்ற நிலமெனத் தள்ளிவிடுவர். இக்கருத்து அறியாமையின்பாற்பட்டது; நாட்டுக்குக் கேடும் விளைப்பது.

கண்டல் இலையும் மரமும் சேற்றில் வீழ்ந்து உக்கிப்போவது தானாக நிகழ்வதன்று. மண்ணில் வாழும் பங்கசுக்கள் நொதியங்களைச் சுரந்து, செலுலோசையும் இலிக்னினையும் உடைத்தே உணவு பெறுகின்றன. உவர்நீரிலும் இவ்வேலையைச் செய்யவல்ல நொதியங்கள், உப்பு மிகுந்த சூழலில் இயங்கும் ஆலைகளுக்குப் பெரிதும் உதவக்கூடியவை.

இதனைக் கற்பனையென நகைப்போர் சொலமன் தீவுகளின் கதையைக் கேட்பாராக. இரண்டாம் உலகப் போரின்போது அங்கு அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரத் துணிகள் உக்கி அழிந்தன. அவ்வழிவை விளைத்த பங்கசு ஒன்றை ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். அதனை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பாரின் பெயரால் 1977இல் ட்ரைக்கோடெர்மா ரீசி எனப் பெயர்பெற்ற அப்பங்கசு, இன்று செலுலேசு என்னும் நொதியத்தின் தலையாய ஊற்றாகும். ஜீன்ஸ் துணியை வெளிறச் செய்வதற்கும் அந்நொதியம் பயன்படுகின்றது. ஆலைகளில் வளர்க்கப்படும் அதன் வர்க்கங்கள் யாவும் பெரும்பாலும் அந்த ஒரே மூலத்தின் வழித்தோன்றல்களே. சொலமன் தீவு மக்கள் இதனால் அடைந்த பயன் யாது?

“சேறு சோறு போடுமா? அந்நியச் செலாவணி தருவது இறால் அன்றோ?” என்பர் சிலர். 1980களிலிருந்து புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் கண்டலை வெட்டி இறாற் குளங்கள் அமைக்கப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவிற்று; குளங்கள் பல கைவிடப்பட்டன. ஆங்கே இறாலும் இல்லை, கண்டலும் இல்லை. அவ்வினாவுக்கு அக்குளங்களே விடை.

ஆயிரம் பங்கசுக்களை ஆராய்ந்தால் ஒன்றே ஆலைக்கு உதவக்கூடும் என்பது மெய். அந்த ஒன்று எதுவென முன்கூட்டித் தெரியாமையினாலேயே ஆயிரத்தையும் காத்தல் வேண்டும்.

1992ஆம் ஆண்டின் உயிர்ப்பல்வகைமைச் சமவாயம், மரபணு வளங்களின் மீதான இறைமையை அவ்வந்நாட்டுக்கே உரியதாக்கிற்று. இலங்கை 1994இல் அதனை ஏற்றுக்கொண்டது. ஆயின், சேற்றை அழித்தபின் காகிதத்திலுள்ள உரிமை எதற்கு உதவும்? எஞ்சிய கண்டல் நிலம் காக்கப்படல் வேண்டும். அதன் பங்கசுக்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிற் பிரித்தெடுத்துப் பேணப்படல் வேண்டும். வருவாய் கிட்டின், களப்பை நம்பி வாழும் கற்பிட்டி மீனவர்க்கும் அதிற் பங்கு எழுதப்படல் வேண்டும். இம்மூன்றையும் செய்யாது நாட்டு வளம் பேசுதல் வெறும் வாய்ப்பந்தலே.