மாப்ளே, படியில தொங்காதீங்க!

என் மாமனார் பல்லவன் காலத்திலிருந்து 32 வருஷம் சென்னையில் பஸ் ஓட்டியவர். போன மாசம் அவருக்கு நான் டிரைவிங் சொல்லிக்கொடுத்தேன்.

சிரிக்காதீர்கள். இரண்டு வருஷம் முன்பு வந்த பக்கவாதத்தில் அவருடைய இடது கையும் காலும் ஸ்டிரைக் செய்துவிட்டன. வலது கை மட்டும் இன்னமும் டியூட்டிக்குத் தயார். முதுகுவலி, ஆபீஸ், ஆடிட் என்று சாக்குச் சொல்லி வீல்சேர் தள்ளுவதிலிருந்து நான் தப்பித்துக்கொண்டே இருந்ததால், மனுஷர் தன் சேமிப்பிலேயே பாட்டரி வீல்சேர் வாங்கிவிட்டார். டெலிவரி செய்த பையன் ஐந்து நிமிஷம் விளக்கிவிட்டுப் பறந்தான். கூட வந்த புத்தகத்தை நான் ராத்திரி முழுக்கப் படித்தேன். எஸ்.எஸ்.எல்.சி.க்குக்கூட அப்படிப் படித்ததில்லை!

மறுநாள் காலை கிளாஸ்.

"கிளட்ச் எங்கே மாப்ளே?"

"கிடையாது மாமா. எல்லாம் இந்தக் குச்சிதான். ஜாய்ஸ்டிக். கொஞ்சமா சாய்ச்சா மெதுவா போகும், நிறைய சாய்ச்சா வேகமா போகும்."

"பிரேக்?"

"அதுவும் இதேதான். குச்சியை விட்டுட்டா நின்னுடும்."

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆபத்துன்னா கையை விடணுமா? எங்க டிப்போவில அப்படி விட்டவனை சஸ்பெண்ட் பண்ணுவாங்க!"

மோட்டாரோடு ஒரு மின்காந்த பிரேக் இருக்கிறது, கரண்ட் பாயும்போது மட்டும்தான் அது விலகும், குச்சியை விட்டாலோ பாட்டரி செத்தாலோ ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினேன்.

"புது லாரியில காத்து இறங்கினா தானா பிரேக் பிடிச்சுக்குமே, அது மாதிரின்னு சொல்லுங்க" என்று எனக்குப் புரியவைத்தார்.

ஸ்பீடுக்கு ஒரு குமிழ். ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். நான் ஆமையில் வைத்துவிட்டு ஆபீஸ் போவேன். திரும்பி வந்தால் முயலில் இருக்கும். "விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 2001 டிசம்பர்ல இந்த மாதிரி வண்டியிலதான் சுவத்துல மோதி இடுப்பு எலும்பை உடைச்சுக்கிட்டார், மாமா" என்று பயமுறுத்திப் பார்த்தேன்.

"சுவத்துக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார்.

ஒரு நாள் மனைவியிடமிருந்து போன். "அப்பா வண்டி நகரல. லைட்டு கண்ணடிக்குது." பர்மிஷன் போட்டு ஓடி வந்தேன். மாமனாரின் தோள் துண்டு நழுவிக் குச்சியில் மாட்டியிருந்தது. சுவிட்ச் போடும்போது குச்சி நடுவில் இல்லாவிட்டால் வண்டி சந்தேகப்பட்டு நகர மறுக்கும். துண்டை எடுத்துவிட்டு ஆஃப் செய்து ஆன் செய்தேன். கிளம்பிவிட்டது! ஆனால் ஏற்கெனவே ஆனில் இருக்கும்போது துண்டு மாட்டினால் வண்டி துண்டின் பேச்சைக் கேட்டுக்கொண்டு போய்விடும். அதனால்தான் ஏறும்போதும் இறங்கும்போதும் சுவிட்சை அணைக்கச் சொல்கிறார்கள்.

இவ்வளவு சட்டம் பேசிய நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

முந்தின ராத்திரி சார்ஜ் போட வேண்டியது என் டியூட்டி. மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் ஃபிளாட் வாசலில் வண்டி படுத்துவிட்டது. மோட்டார் பக்கத்தில் இரண்டு லீவர் இருக்கும். அவற்றைத் திருப்பினால் மோட்டார் கழன்றுகொள்ளும், கையால் தள்ளலாம். திருப்பினேன். சரிவில் ஏற்றினேன். 12 அடி நீளத்துக்கு ஒரு அடிக்கு மேல் உயரக்கூடாது என்பது வீல்சேர் சரிவுக்குக் கணக்கு. எங்கள் சரிவு ஸ்கூட்டர் ஏற்றக் கட்டியது. செங்குத்து!

உச்சிக்குப் போனதும் என் செல்போன் அடித்தது. 'விட்டால்தான் நின்றுவிடுமே' என்று கைப்பிடியை விட்டேன்.

நிற்கவில்லை. லீவரைத் திருப்பினால் பிரேக்கும் சேர்ந்து கழன்றுவிடும் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மாமனார் என்னைப் பார்த்தபடியே பின்னால் உருண்டு போனார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. மல்லாக்கச் சாயாமல் பின்பக்கக் குட்டிச் சக்கரங்கள் தாங்கின. பெல்ட் அவரைப் பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் ஓடி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கை உதறியது. மாமனார் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "நியூட்ரல்ல விட்டுட்டு இறங்கிப் போனா மெமோ குடுப்பாங்க, மாப்ளே" என்றார். மெமோவை என் மனைவி கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் கைப்பிடியைப் பிடித்தபடி பின்னாலேயே போனேன். போன வாரம் தெருமுனை டீக்கடைக்குக் கிளம்பினார். பாதி வழியில் குச்சியை விட்டார். வண்டி நின்றது.

"மாப்ளே, படியில தொங்காதீங்க."

"இல்ல மாமா, ஒரு பாதுகாப்புக்கு..."

"ரெண்டு வருஷமா என்னைத் தள்ளிக்கிட்டுத்தான் போறீங்க. டீக்கடைக்காவது நானே போய்க்கறேனே" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

லீவர் இரண்டையும் பார்த்தேன். சரியாக இருந்தது. பச்சை விளக்கு. பெல்ட். குமிழ் மட்டும் முயலில் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

கையை எடுத்துவிட்டு, வண்டியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன்.

"போலாம்... ரைட்!"

ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.