இலக்கங்களை மட்டும் அறிந்த தேடுகருவி

2017 மே மாதம் ‘வானாகிரை’ என்னும் பிணைத்தொகை கேட்கும் தீநிரல் உலகைச் சுற்றியபோது, ஆந்திரக் காவல்துறையில் சித்தூர் உள்ளிட்ட 5 மாவட்டங்களில் 18 பிரிவுகளின் கணினிகள் பாதிக்கப்பட்டன. (திருப்பதி அப்போது சித்தூர் மாவட்டத்துக்குள் இருந்தது, தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்.) அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இத்தகைய நிகழ்வுகளிலிருந்து நம் நிறுவனங்கள் கற்பது பூட்டு வாங்குவதை மட்டுமே. பூட்டுமுன், உள்ளே எது எங்கே கிடக்கிறது என்று தெரிய வேண்டாமா?

அதற்குத் தேடுகருவி இருக்கிறது என்கிறார்கள். அது எதைத் தேடுகிறது? 12 இலக்கம் வந்தால் ஆதார். கடைசி இலக்கத்தை வெர்ஹோஃப் முறையில் கணக்கிட்டு உறுதிசெய்துகொள்ளும். 5 எழுத்து, 4 எண், ஓர் எழுத்து என வந்தால் பான். இதில் அது கெட்டிதான். ஆனால் ஒரு மாணவரின் சாதியையோ நோயையோ தெலுங்கிலும் தமிழிலும் குறித்துவைத்த வரிக்கு அப்படியொரு வாய்பாடு கிடையாது.

இப்பகுதியில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஒரே மாணவரின் பெயர் ஒரு கோப்பில் தெலுங்கிலும் இன்னொன்றில் தமிழிலும் மற்றொன்றில் ஆங்கிலத்திலும் இருக்கும். தெலுங்கு வழக்கில் முன்னே நிற்பது குடும்பப் பெயர்; தமிழ் வழக்கில் தந்தை பெயரின் தலைப்பெழுத்து. ‘தணிகாசலம்’ என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என எண்ணிப் பாருங்கள். பழைய கோப்புகளோ தெலுங்கில் அனு, தமிழில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் தமிழாகத் தெரிவது கோப்புக்குள் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல். ஒளிவருடிய சாதிச் சான்றிதழ் வெறும் படம். இவற்றையெல்லாம் கடந்துபோய், ‘எதுவும் இல்லை’ என்று கருவி அறிக்கை தரும், அதிகாரி கையொப்பமிடுவார்.

சட்டமும் கைகொடுக்காது. 2011ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நலம், உயிரியளவு முதலியவற்றை உணர்திறன் மிக்க தரவு என வரையறுத்தன. சாதியும் மதமும் அப்பட்டியலில் இல்லை. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய தனி வகையையே வைக்கவில்லை. ஆய்வுக்கு அதில் விலக்கு உண்டு என்பதை மட்டும் நம் துறையினர் மறப்பதில்லை! குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாதபோது, வகுத்த தரநெறிகளுக்கு உட்பட்டே அவ்விலக்கு. கிளைமொழிக் களப்பணி ஒலிப்பதிவுகளைப் பேச்சாளரின் பெயர், ஊர், சாதியோடு துறையின் பொதுக் கணினியில் போட்டுவைப்பதற்கான உரிமமன்று அது.

சாதி, நோய், ஆட்பெயர்களின் இருமொழி எழுத்து வேறுபாடுகளைத் தொகுப்பதும், அனு, பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்ப்பதும் மொழியியல் பணிகள். மென்பொருள் உரிமத்தோடு அவற்றை விலைக்கு வாங்க முடியாது. குப்பத்தில் ஒரு திராவிடப் பல்கலைக்கழகமே இருக்கும் மாவட்டத்தில் இதற்கு ஆளில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.