போனக்காட்டுக்கு வாய்ப்பதெல்லாம் எதிர்க்கட்சி எம்.பி. தான்: அவர் பேசி என்ன ஆகப்போகிறது?

போனக்காடு என்றதும் சிலருக்கு அகஸ்தியர்கூடம் டிரெக்கிங் நினைவுக்கு வரும். சிலருக்கு யூடியூபில் பார்த்த ‘பேய் பங்களா’. திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக ஏறினால் சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கும் இந்த மலைப்பகுதியில் வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு. ஃபாக்டரி ஓய்ந்து பல வருடம் ஆகிறது. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்கப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒழுகும் லயங்களில் இருந்துகொண்டு சம்பள பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் காத்திருந்தார்கள். அந்தக் கதை பேய்க் கதை அளவுக்கு வைரல் ஆகவில்லை.

இந்த ஊருக்கு இன்னொரு விசேஷம் உண்டு. போனக்காடு இருப்பது விதுரா பஞ்சாயத்து, அருவிக்கரை சட்டமன்றத் தொகுதி, ஆற்றிங்கல் மக்களவைத் தொகுதி. தொகுதி மறுவரையறைக்குப் பிறகு ஆற்றிங்கல் தன் முதல் தேர்தலைச் சந்தித்தது 2009-ல். அப்போது ஜெயித்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.சம்பத், டெல்லியில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. 2014-ல் மறுபடியும் சம்பத், டெல்லியில் பாஜக. 2019-ல் காங்கிரஸின் அடூர் பிரகாஷ். டெல்லியில் அப்போதும் பாஜக. 2024-லும் அவரே, வெறும் 684 வாக்கு வித்தியாசத்தில். ஆக, நான்கு தேர்தல்களிலும் இந்தத் தொகுதி அனுப்பியது எதிர்க்கட்சி வரிசைக்கான ஆளைத்தான்.

அப்போ இயல்பாகவே ஒரு கேள்வி வரும். எதிர்க்கட்சி எம்.பி. கொண்டுவரும் திருத்தம் தோற்கும், மசோதா நிறைவேறாது. பிறகு அவர் அவையில் எழுந்து பேசி என்ன பிரயோஜனம்?

ஓட்டு இல்லை, கேள்வி இருக்கிறது

ஓட்டெடுப்பை வைத்து மட்டும் பார்த்தால் பிரயோஜனம் குறைவுதான். ஆனால் எதிர்க்கட்சி எம்.பி.யின் நிஜமான ஆயுதம் ஓட்டு அல்ல, கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமிடாத கேள்விகள். முதல் வகைக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். இரண்டாவது வகைக்கு எழுத்தில் பதில் வரும். யாருடைய கேள்வி என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. அங்கே ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் கிடையாது. பிரதமர் கட்சி எம்.பி.க்கும் போனக்காடு எம்.பி.க்கும் ஒரே சீட்டுதான்.

ஆனால் கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ‘மூடிய தோட்டங்களின் தொழிலாளர் நலனுக்கு அரசு என்ன செய்கிறது?’ என்று கேட்டால், திட்டங்களின் பட்டியல் ஒன்று பதிலாக வரும். அதை யாரும் படிக்கப் போவதில்லை. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 1953-ம் ஆண்டின் தேயிலைச் சட்டப்படி, சீர்கெட்ட தோட்டத்தின் நிர்வாகத்தை மத்திய அரசே எடுத்துக்கொள்ளலாம். 2016 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் டங்கன்ஸ் நிறுவனத்தின் 7 தோட்டங்களுக்கு அப்படி ஓர் அறிவிக்கை வந்தது. கேரளத்தில் எந்தத் தோட்டத்துக்காவது அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தப் பரிசீலித்தீர்களா? இல்லையென்றால் காரணம் என்ன?

இதற்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ‘மாநில அரசின் விஷயம்’ என்று நழுவவும் வழியில்லை. சட்டம் மத்திய சட்டம், தேயிலை வாரியம் வர்த்தக அமைச்சகத்தின் கீழ். ‘பரிசீலிக்கிறோம்’ என்று அமைச்சர் சொல்லி, அது உறுதிமொழியாகப் பதிவானால் இன்னும் நல்லது. அதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றினார்களா என்று துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. (மேற்கு வங்க விவகாரம் பிறகு நீதிமன்றம் வரை போனது, அந்த அதிகாரம் மந்திரக்கோல் இல்லை.)

வைரல் கிளிப்களில் நாம் பார்க்கும் ஆவேசப் பேச்சு பெரும்பாலும் பூஜ்ய நேரத்தில் நடப்பது. அங்கே அமைச்சர் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. விதி 377-ன் கீழ் எழுப்புவதற்கு எழுத்தில் பதில் அனுப்புவது வழக்கம். ரீல்ஸில் ஓடுவது பூஜ்ய நேரம். நாளைக்குத் தொழிற்சங்கமோ வழக்கறிஞரோ கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய காகிதம், பார்ப்பதற்குச் சப்பென்று இருக்கும் அந்த எழுத்துப் பதில்தான்.

பேசும் நேரத்துக்கே ஒரு சண்டை

எதிர்க்கட்சியின் பேச்சு நேரம் உப்புக்குச் சப்பாணி விஷயம் என்று நினைப்பவர்கள் அயர்லாந்தைப் பார்க்கலாம். 2025 ஜனவரி 22 அன்று மீஹோல் மார்ட்டின் பிரதமராகத் தேர்வாகியிருக்க வேண்டும். முடியவில்லை. அரசை ஆதரிக்கும் சில சுயேச்சைகள், எதிர்க்கட்சிக்கான பேச்சு நேரத்தில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள். ‘அரசுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே எதிர்க்கட்சி மைக்கையும் பிடிப்பீர்களா?’ என்பதுதான் எதிர்க்கட்சிகளின் ஆட்சேபம். அமளியில் அவை தள்ளிப்போய், அவர் மறுநாள்தான் பிரதமரானார். சில நிமிடப் பேச்சு நேரத்துக்காக ஒரு நாட்டின் பிரதமர் தேர்வே ஒரு நாள் நின்றது.

நம் ஊரில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. போனக்காட்டுக்கு அது நேரடியாகவே பொருந்தும்.

மைக் காலியாக இருந்த இரண்டு நாள்

தோட்டத் தொழிலாளிக்கு வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்று சொன்னது 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். லயம் ஒழுகினால் யாரைக் கேட்பது என்பதற்கு அதுதான் பதில். 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் ஒன்றுக்குள் இதுவும் கரைக்கப்பட்டது. அந்த செப்டம்பர் கூட்டத்தொடரில் கோவிட்டைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டிருந்தது. எழுத்துப் பதில்கள் மட்டும் வந்தன. செப்டம்பர் 19 அன்று மசோதாக்களை அறிமுகம் செய்தபோது மணீஷ் திவாரியும் திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூரும் எதிர்த்தார்கள். அடுத்த நாள் மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களை ஒட்டி அமளி. 21-ம் தேதி 8 எம்.பி.க்கள் சஸ்பெண்ட். எதிர்க்கட்சிகள் புறக்கணிப்பில் இறங்கின. 22-ம் தேதி மக்களவையிலும் 23-ம் தேதி மாநிலங்களவையிலும் மூன்று மசோதாக்களும் நிறைவேறின. அவையில் சில கட்சிகள் பேசின. முக்கிய எதிர்க்கட்சிகள் இல்லை.

சஸ்பெண்ட் ஆன எட்டுப் பேரில் ஒருவர் கேரளத்தின் எளமரம் கரீம், சி.ஐ.டி.யூ. தலைவர்களில் ஒருவர். தொழிலாளர் சட்டம் நிறைவேறுகிறது. தொழிற்சங்கத் தலைவர் வெளியே.

அவர்கள் உள்ளே இருந்திருந்தாலும் மசோதா நிறைவேறியிருக்கும். ஆனால் ஒரு வரியைப் பற்றியாவது விளக்கம் கேட்டிருக்கலாம். வீடு, குடிநீர் போன்ற வசதிகளை முதலாளி சொந்தப் பணத்தில் செய்யலாம், அல்லது மத்திய, மாநில, உள்ளாட்சித் திட்டங்கள் வழியாகவும் செய்யலாம் என்கிறது புதிய சட்டம். லயத்தைச் சரிசெய்வது யார் செலவு? முதலாளி கைவிட்டுவிட்டுப் போன தோட்டத்தில் இது யார் தலையில் விழும்? இதற்கு அமைச்சர் அவையில் ஒரு விளக்கம் கொடுத்திருந்தால், இன்று விதிமுறைகள் பற்றி வாதாடுகிறவர்களுக்கு அது பிடிமானமாக இருந்திருக்கும். இந்தத் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன. புறக்கணிப்புக்கு நியாயமான கோபம் இருந்தது. ஆனால் என் கணக்கில், அந்த இரண்டு நாளுக்கான விலையைக் கொடுத்தது எம்.பி.க்கள் அல்ல.

தோற்ற பேச்சு எங்கே போகிறது?

சில சமயம் சுற்றிவந்து சேர்கிறது. திமுகவின் திருச்சி சிவா எதிர்க்கட்சி வரிசையிலிருந்து கொண்டுவந்த திருநர் உரிமைகள் தனிநபர் மசோதா, 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. இதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனாலும் ஒரு அவையே ஏற்றுக்கொண்ட விஷயத்தை அரசால் ஒதுக்க முடியாமல், சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. அது 2019-ல் சட்டமானது. சிவா கேட்டதைவிட அது பலவீனமானது என்று திருநர் அமைப்புகள் எதிர்த்தன. அதைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பச் சொன்ன சிவாவின் தீர்மானமும் தோற்றது. பாதி வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம்.

போனக்காடு விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நிலமும் குத்தகையும் மாநில அரசின் கையில். தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில். டெல்லியில் எதிர்க்கட்சியாக இருக்கும் எம்.பி.யின் கட்சியே திருவனந்தபுரத்தில் ஆளும்போது அவருடைய கேள்வி கொஞ்சம் மென்மையாகிவிடும் ஆபத்து உண்டு. 2016 முதல் 2019 வரை சம்பத்தின் நிலை அதுதான். அடூர் பிரகாஷோ உம்மன் சாண்டி அமைச்சரவையில் வருவாய்த் துறையைப் பார்த்தவர். தோட்ட நிலக் கோப்புகள் வரும் மேஜை அது. கேள்வி கேட்கும் இடத்திலும் பதில் சொல்லும் இடத்திலும் உட்கார்ந்தவருக்கு, எந்தக் கேள்வி உறைக்கும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் எம்.பி. என்ன கேட்டார் என்று பார்க்க சன்சத் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் போதும். கேள்வியும் பதிலும் தேதிவாரியாகக் கிடைக்கும். பி.ஆர்.எஸ். தளம் வருகைப்பதிவு, கேள்வி எண்ணிக்கை, விவாதப் பங்கேற்பு எல்லாவற்றையும் தொகுத்துத் தரும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து மார்க் போட்டுவிட வேண்டாம். ஐந்தாறு கேள்விகளைத் திறந்து, பதில் எந்த இடத்தில் நழுவுகிறது, அடுத்த கூட்டத்தொடரில் அதே விஷயத்தை அவர் மறுபடி பிடித்தாரா என்று பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.