மண்ணீரல் இல்லாதவர்களின் பிரயாணமும் பஞ்சாங்கமும்

நம் ஜனங்கள் வெளியூருக்குப் புறப்படுவதென்றால் முதலில் பார்ப்பது பஞ்சாங்கத்தைத்தான். ராகுகாலம் எப்போது, எமகண்டம் எப்போது, எந்தத் திக்கில் சூலம் என்றெல்லாம் பார்த்து, பூனை குறுக்கே வராத நேரமாய் வாசற்படி இறங்குகிறார்கள். கடலூருக்குத் தெற்கே சுமார் 45 கிலோ மீட்டரில் இருப்பது சிதம்பரம். வியாழக்கிழமை தெற்கே சூலமென்றும், போயே தீரவேண்டுமானால் தைலம் பரிகாரமென்றும் சொல்லுகிறார்கள். ஆனால் அந்த ரோட்டில் போகும் பஸ்களில் ஒன்றாவது வியாழக்கிழமையன்று சூலத்தில் குத்திக்கொண்டு நின்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இது வெறும் வேடிக்கையானால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் உண்மையிலேயே முன்ஜாக்கிரதையில்லாமல் பிரயாணம் போகக் கூடாதவர்கள் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சாஸ்திரத்தில் பரிகாரம் ஒன்றும் இல்லை. அவர்கள்தான் மண்ணீரல் இல்லாதவர்கள்.

மண்ணீரல் என்பது இடது பக்கத்து விலா எலும்புகளின் மறைவில் இருக்கும் ஓர் உறுப்பு. இரத்தத்தில் புகுந்த கிருமிகளைப் பிடித்து அழிப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. மலேரியாவில் அது வீங்கும். வீங்கியது சிறு அடிக்கும் கிழிந்து போகும். வெள்ளைக்காரர் ஆட்சியில் எஜமானர்கள் உதைத்து வேலைக்காரர்கள் செத்தபோதெல்லாம் "அவனுக்கு மண்ணீரல் வீக்கம்" என்பதே கோர்ட்டில் சொல்லும் சமாதானமாக இருந்தது. 1876-ல் லிட்டன் பிரபு தலையிட்ட ஆக்ரா வழக்கில், குதிரைக்காரனை அடித்து அவன் சாவுக்குக் காரணமான புல்லர் என்ற வெள்ளைக்காரருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 30 ரூபாய்தான். ஏழையின் மண்ணீரலுக்கு அன்றிருந்த மதிப்பு அவ்வளவு!

இன்றோ மோட்டார் விபத்தில் மண்ணீரல் கிழிந்து, உயிரைக் காப்பாற்ற அதை எடுத்துவிடும்படி நேருகிறது. தலசீமியா போன்ற இரத்த வியாதிகளுக்காகவும் எடுக்கிறார்கள். நீலகிரி ஆதிவாசிகளிடையே காணப்படும் அரிவாள் செல் வியாதியில் மண்ணீரல் உடலில் இருந்தும் வேலை செய்யாமல் போய்விடுகிறது. இவையெல்லாம் பூர்வ ஜென்ம பாவமென்று சொல்லும் வைதீகர்கள், லாரி மோதியதும் பூர்வ ஜென்மத்திலா என்பதற்குப் பதில் சொல்லட்டும்.

மண்ணீரல் இல்லாதவர்கள் வேலை செய்யலாம், குடும்பம் நடத்தலாம், ஊர் ஊராகப் போகலாம். ஆனால் நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் சில கிருமிகள் அவர்கள் இரத்தத்தில் புகுந்துவிட்டால் காவலில்லாத வீட்டில் திருடன் புகுந்த கதைதான். காலையில் குளிரும் காய்ச்சலுமாகத் தொடங்கியது ஓரிரு நாளில், சில சமயம் அதற்கும் முன்பே, உயிரைக் கொண்டுபோய்விடும்.

ஆகவே இவர்கள் பார்க்க வேண்டிய பஞ்சாங்கம் வேறு. நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசிகளையும், வருஷத்துக்கொரு முறை இன்புளூயென்சா ஊசியையும் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே டாக்டரைக் கண்டு போட்டுக்கொள்ள வேண்டும். சிலருக்கு டாக்டர் பென்சிலின் மாத்திரையைத் தினமும் சாப்பிடச் சொல்லுவார். அதை வழியில் நிறுத்தக் கூடாது. அவசரத்துக்கென்று தனியாக ஒரு மருந்தையும் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மலேரியா உள்ள ஒடிசா, சத்தீஸ்கர் காட்டுப் பிரதேசங்களுக்கோ ஆப்பிரிக்க நாடுகளுக்கோ போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரையும் கொசுவலையும் கட்டாயம் வேண்டும். இவர்களுக்கு வரும் மலேரியா சாதாரண மலேரியாவாக இராது. நாய் கடித்தால், லேசான கடியேயானாலும், காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி ஊசியோடு வேலை முடிந்துவிடாது; நாயின் வாயிலுள்ள வேறு கிருமியும் இவர்களைக் கொல்லக் கூடும்.

"எனக்கு மண்ணீரல் இல்லை" என்று எழுதிய சீட்டு ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். இதை வெளியில் சொல்ல நம்மவர் கூசுகிறார்கள்; பெண்ணாயிருந்தால் கல்யாணம் தடைப்படுமென்று பெற்றோரே மறைக்கிறார்கள். நெற்றியில் ஜாதிக்குறி போட்டுக்கொண்டு வீதியில் நடக்க வெட்கப்படாத நாட்டில், உயிர் காக்கும் சீட்டுக்கு மட்டும் வெட்கம் எதற்கு?

"தெய்வத்தை நம்பிப் போகிறவனுக்கு ஊசி எதற்கு?" என்பார்கள் சிலர். 1987-ல் மெக்கா யாத்திரையில் மூளைக்காய்ச்சல் பரவியது. 2000-லும் 2001-லும் வேறு வகைக் கிருமியால் மறுபடியும் பரவியது. அதற்கான தடுப்பூசிச் சான்று இல்லாத யாத்திரிகரை சவூதி சர்க்கார் ஹஜ்ஜுக்கு அனுமதிப்பதில்லை. தங்கள் ஆண்டவனுக்கு மிகவும் புனிதமென்று கொண்டாடும் இடத்திலேயே அவர்கள் கிருமியை ஆண்டவன் பொறுப்பில் விட்டுவிடவில்லை. ஆருத்திரா தரிசனத்துக்குச் சிதம்பரத்தில் தோளோடு தோள் நெருக்கி நிற்கும் கூட்டத்திலும் கிருமி மூச்சு வழியாகத்தான் பரவும். பக்தன் மூச்சென்றும் நாத்திகன் மூச்சென்றும் அது பார்ப்பதில்லை.

திருவதிகையில் திலகவதியார் கொடுத்த திருநீற்றை அணிந்து பதிகம் பாடிய அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்ததாகப் பெரியபுராணம் சொல்லுகிறது. திருநீற்றுக்கு அந்தச் சக்தி உண்டானால், பக்கத்திலேயே பண்ருட்டியில் சர்க்கார் ஆஸ்பத்திரி எதற்கு? நோயாளிகள் அங்கே போய் வரிசையில் நிற்பது எதற்கு?

அதே புராணம் நந்தனாரைப் பற்றியும் சொல்லுகிறது. சிதம்பரம் போக ஆசைப்பட்டும் ஜாதி தடுத்ததால், "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்றே நாளைக் கழித்தாராம். திருநாளைப்போவார் என்று பெயரும் வந்ததாம். கடைசியில் போனவரைத் தில்லைப் பார்ப்பனர்கள் தீயில் இறக்கினார்கள். அவர் சந்நிதியில் மறைந்தாரென்று புராணமே சொல்லுகிறதேயொழிய, ஊருக்குத் திரும்பி வந்தாரென்று சொல்லவில்லை. நந்தனாரைத் தடுத்தது ஜாதி. மண்ணீரல் இல்லாமல் காய்ச்சலோடு கிடப்பவரை "தேர் பார்த்துவிட்டு நாளைப் போகலாம்", "விடிந்ததும் நாளைப் போகலாம்" என்று தடுப்பது எது? அறியாமையேயல்லாமல் வேறில்லை.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ வயிற்றில் பழைய ஆப்பரேஷன் தழும்போடு இருப்பவர்களிடம், எதற்காகச் செய்துகொண்டதென்று கேட்டுப் பாருங்கள். மண்ணீரலை எடுத்ததென்றால் இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். வழியில் காய்ச்சல் கண்டால், கையிலுள்ள அவசர மருந்தை டாக்டர் சொல்லியிருக்கிறபடி உடனே விழுங்கிவிட்டு, 108-ஐக் கூப்பிட்டு, கடலூர் தலைமை ஆஸ்பத்திரியோ, சிதம்பரம் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, எது கிட்டவோ அங்கே போய், மண்ணீரல் இல்லையென்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். மருந்து விழுங்கியாயிற்றே என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது. அந்த நேரம் ராகுகாலமாயிருந்தாலும் சரி, தெற்கே சூலமாயிருந்தாலும் சரி, அதுதான் அவர்களுக்கு நல்ல நேரம்.